குப்பை வண்டிக்கு போனஸ் உண்டு, பள்ளிச் சமையலறைக்கு இல்லை! ஒரு மாநகராட்சியையே முடக்கிய ‘சம ஊதிய’ வழக்கு - பர்மிங்ஹாமில் நடந்தது என்ன?

2023 செப்டம்பர் 5. இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரமான பர்மிங்ஹாமின் மாநகராட்சி ஒரு நோட்டீஸ் வெளியிட்டது. ‘சட்டப்படி கட்டாயம் செய்ய வேண்டிய பணிகளைத் தவிர இனி புதிதாக ஒரு பைசா செலவு செய்ய முடியாது’ என்பதுதான் அதன் சாரம். 10 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் நகரம் அது. ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்ளாட்சி அமைப்புகளில் ஒன்று. அதுவே கையை விரித்துவிட்டது.

அங்குள்ள சட்டப்படி ஒரு மாநகராட்சி கம்பெனி போல திவாலாக முடியாது. ஆனால் இந்த நோட்டீஸ் வந்தால், நடைமுறையில் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

இந்த நிலைக்குச் சொல்லப்பட்ட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெண் ஊழியர்களுக்குப் பல ஆண்டுகளாகக் குறைவாகக் கொடுத்த சம்பளம்! சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளைச் செய்த பெண்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்று மாநகராட்சியே கணக்கு சொன்னது. 76 கோடி பவுண்டு என்றால், அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 8,000 கோடி ரூபாய். இதற்கு முன்பே சுமார் 110 கோடி பவுண்டு கொடுத்து முடித்திருந்தார்கள்.

ஒரு அரசு அமைப்பில், அதுவும் சம ஊதியச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன நாட்டில், இப்படி எப்படி நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே கிரேடு... ஆனால் கையில் வாங்கும் சம்பளம்?

பிரிட்டனில் உள்ளாட்சி ஊழியர்களின் சம்பளம் ‘கிரேடு’ அடிப்படையில் முடிவாகிறது. 1980-களின் பிற்பகுதியில் உடல் உழைப்பு ஊழியர்களின் வேலைகளையெல்லாம் மதிப்பிட்டு புதிதாக கிரேடு பிரித்தார்கள். அதில் குப்பை அள்ளும் ஆண்களும், வீடு வீடாகப் போய் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களும், சமையல்காரர்களும் சில இடங்களில் ஒரே கிரேடில் வந்தார்கள். அடிப்படைச் சம்பளமும் ஒன்றுதான்.

இதைப் படித்தால் “சமமாகத்தானே இருக்கு, அப்புறம் என்ன பிரச்னை?” என்று தோன்றும். பிரச்னை அடிப்படைச் சம்பளத்தில் இல்லை. அதற்கு மேல் வரும் போனஸில் இருந்தது.

குப்பை அள்ளுபவர்கள், சாலைப் பணியாளர்கள் போன்ற ஆண்கள் நிறைந்த வேலைகளுக்கு போனஸ் இருந்தது. பெண்கள் நிறைந்த வேலைகளுக்கு இல்லை. பர்மிங்ஹாமில் சில ஆண்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 160 சதவீதம் வரை போனஸ் கிடைத்தது. ஒரு குப்பைப் பணியாளர் ஓர் ஆண்டில் 51,000 பவுண்டு வாங்க, அதே கிரேடில் இருந்த பெண்கள் 12,000 பவுண்டுக்கும் குறைவாக வாங்கினார்கள் என்று தீர்ப்பாய விசாரணையில் சொல்லப்பட்டது.

போனஸ் எங்கிருந்து வந்தது?

1960, 70-களில் உற்பத்தியைப் பெருக்கும் ஊக்கத்தொகையாக இந்த போனஸ் தொடங்கியது. ஒரு நாளில் எத்தனை தெரு முடித்தார்கள், எத்தனை மீட்டர் சாலை போட்டார்கள் என்று அளந்து கொடுத்தார்கள்.

இங்கேதான் முதல் கோளாறு. படுக்கையில் இருக்கும் முதியவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பிட வைப்பதை மீட்டர் கணக்கில் அளக்க முடியாது. அதனால் அந்த வேலைக்கு போனஸ் திட்டமே போடவில்லை. அந்தப் பெண்களுக்காக அதைக் கேட்டு வாங்கும் அளவுக்கு தொழிற்சங்கங்களும் அழுத்தம் கொடுக்கவில்லை.

நாளடைவில் அளப்பதும் நின்றுபோனது. ஆனால் போனஸ் மட்டும் நிற்கவில்லை. வேலை கூடினாலும் குறைந்தாலும் மாதாமாதம் வரும் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே அது மாறிவிட்டது. “இது உழைப்புக்கான ஊக்கத்தொகை, ஆண், பெண் பேதம் இல்லை” என்று உள்ளாட்சிகள் நீதிமன்றங்களில் சொன்னபோது, பல வழக்குகளில் அந்த வாதம் எடுபடவில்லை.

‘அதே வேலை’ வேறு, ‘அதே மதிப்புள்ள வேலை’ வேறு

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வித்தியாசம் தெரிந்தால் போதும்.

ஒரே அலுவலகத்தில் இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். இருவருக்கும் ஒரே சம்பளம் தர வேண்டும் என்பது ‘அதே வேலைக்கு அதே சம்பளம்’. இதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

ஆனால் நிஜத்தில் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் வேறு வேறு வேலைகளில் இருக்கிறார்கள். குப்பை வண்டியில் பெண்கள் குறைவு. பள்ளிச் சமையலறையில் ஆண்கள் குறைவு. அப்படியென்றால் யாரை யாருடன் ஒப்பிடுவது? வேலை வேறாக இருந்தாலும், அதற்குத் தேவையான திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் மதிப்பு ஒன்றாக இருந்தால் சம்பளமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதுதான் ‘சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்’. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1951-லேயே தனது 100-வது உடன்படிக்கையில் இதைச் சொல்லிவிட்டது.

பிரிட்டனில் இதற்கான போராட்டம் ஒரு கார் தொழிற்சாலையில் சூடுபிடித்தது. 1968-ல் டாகன்ஹாமில் உள்ள ஃபோர்டு ஆலையில் கார் சீட் கவர் தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோபத்துக்குக் காரணம் ஒரு வேலை மதிப்பீடுதான். அவர்கள் செய்த தையல் வேலையை ‘திறன் தேவையில்லாத’ பிரிவில் போட்டிருந்தார்கள். அந்தப் பிரிவில் ஆண்கள் வாங்கியதில் 85 சதவீதம்தான் பெண்களுக்கு. சீட் இல்லாமல் கார் வெளியே போகாது என்பதால் உற்பத்தியே நின்றது. அமைச்சர் பார்பரா காஸில் தலையிட்டு, ஆண்களின் சம்பளத்தில் 92 சதவீதம் என்று பேசி முடித்தார். 1970-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. 1975 இறுதியில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் பெண்கள் முதலில் கேட்டது பிரிவு மாற்றம். “இது திறமை வேண்டிய வேலை” என்ற அங்கீகாரம். அது கிடைக்க 1984-ல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.

அதே ஆண்டு தொடக்கத்தில்தான் சட்டத்திலும் ‘சம மதிப்பு’ முழுமையாக நுழைந்தது. அதைப் பயன்படுத்தி ஜூலி ஹேவர்டு என்ற கப்பல் கட்டும் தளத்துச் சமையல்காரர், தன் வேலை பெயின்டர், தச்சர் வேலைக்குச் சமம் என்று வழக்கு போட்டு, 1988-ல் நாட்டின் உச்சபட்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்.

ஒரு வேலைக்கு மார்க் போடுவது எப்படி?

சரி, சமையலும் தச்சு வேலையும் சமம் என்று எப்படி முடிவு செய்வது? அதற்குத்தான் ‘வேலை மதிப்பீடு’. இதில் மதிப்பெண் ஆளுக்கு இல்லை, வேலைக்கு. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு சுறுசுறுப்பு என்று பார்க்க மாட்டார்கள். அந்த வேலை என்ன கேட்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள்.

பிரிட்டன் உள்ளாட்சிகளுக்காக நிர்வாகத் தரப்பும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உருவாக்கிய தேசிய முறையில் 13 அம்சங்கள் உள்ளன.

* அறிவு, மனத்திறன், பேச்சு மற்றும் பழகும் திறன், உடல்திறன்
* சுயமாக முடிவெடுக்கும் அளவு
* உடல் சிரமம், மனச் சிரமம், உணர்வுச் சிரமம்
* மனிதர்களுக்கான பொறுப்பு, மேற்பார்வைப் பொறுப்பு, பணப் பொறுப்பு, பொருட்களுக்கான பொறுப்பு
* வேலைச் சூழல்

ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டி, அதன்படி கிரேடு முடிவாகும்.

இந்தப் பட்டியலில் ‘உணர்வுச் சிரமம்’, ‘மனிதர்களுக்கான பொறுப்பு’ இரண்டையும் கவனியுங்கள். பழைய பாணி மதிப்பீடுகளில் இவை பெரும்பாலும் கண்டுகொள்ளப்படவே இல்லை. மூட்டை தூக்கினால் உடல் சிரமம் என்று மார்க் கிடைக்கும். எழுந்து நிற்க முடியாத 70 கிலோ நோயாளியைத் தூக்கி உட்கார வைத்தால்? அது ‘பெண்களுக்கு இயல்பாக வருவது’ என்று விட்டுவிடுவார்கள். இயந்திரத்தைப் பராமரித்தால் பொறுப்பு. மறதி நோய் உள்ளவர் கோபத்தில் கை ஓங்கினாலும் பொறுமையாக மருந்து கொடுத்தால் அது ‘குணம்’.

பாலின நடுநிலை என்றால், பட்டியலில் ஆண், பெண் என்ற சொல்லை எடுத்துவிடுவது மட்டும் போதாது. எந்தெந்த அம்சம் பட்டியலில் இருக்கிறது, எதற்கு எவ்வளவு மார்க், யார் உட்கார்ந்து மார்க் போடுகிறார்கள், மார்க் போட்ட பிறகு மேலே எந்த அலவன்ஸ் சேர்க்கப்படுகிறது என நான்கையும் பார்க்க வேண்டும். பர்மிங்ஹாம் பெண்கள் கடைசி இடத்தில்தான் தோற்றார்கள். கிரேடில் சமம் கிடைத்தது, போனஸில் போய்விட்டது.

இதில் ஆண்களுக்கும் பலன் உண்டு. பெண்கள் நிறைந்த வேலையில் இருக்கும் ஓர் ஆண் சமையல்காரருக்கும் குறைந்த சம்பளம்தானே? உடன் வேலை செய்யும் பெண் வழக்கில் ஜெயித்தால், அதைக் காட்டி அவரும் கேட்கலாம் என்று அங்குள்ள தீர்ப்பாயங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன.

தள்ளிப்போட்டதால் வந்த வினை

1997-ல் உள்ளாட்சி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் நாடு முழுமைக்கும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அலுவலக ஊழியர், உடல் உழைப்பு ஊழியர் என்ற பிரிவு வேண்டாம், எல்லா வேலைகளையும் ஒரே அளவுகோலில் மதிப்பிட்டு ஒரே சம்பள அமைப்பைக் கொண்டுவரலாம் என்பது அதன் நோக்கம்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் செலவு? பெண்களின் சம்பளத்தை உயர்த்தினால் பணம் வேண்டும். ஆண்களின் போனஸை வெட்டினால் வேலைநிறுத்தம் வரும். இரண்டுக்கும் பயந்து பல உள்ளாட்சிகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. பர்மிங்ஹாமில் புதிய சம்பள அமைப்பு வந்தது 2008-ல்தான்.

அதற்குள் வழக்குகள் குவிந்துவிட்டன. 2010 ஏப்ரலில், 4,000-க்கும் அதிகமான பெண்களுக்குச் சாதகமாக வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2012 அக்டோபரில் இன்னொரு திருப்பம். தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமென்றால் வேலையை விட்ட 6 மாதத்துக்குள் போக வேண்டும். வேலையை விட்டுப் பல காலம் ஆன 174 பேர், சாதாரண சிவில் நீதிமன்றத்தில் 6 ஆண்டு வரை வழக்கு போடலாமே என்று கேட்டார்கள். “போடலாம்” என்று உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் சொன்னது. ஓய்வுபெற்றவர்கள், வேலையை விட்டவர்கள் என்று புதிய கதவு திறந்தது.

பணம் திரட்ட, நகரத்தின் பெருமையாக இருந்த தேசிய கண்காட்சி மைய நிறுவனத்தை 2015-ல் மாநகராட்சி 30.7 கோடி பவுண்டுக்கு விற்றது.

மறுபடியும் அதே தவறு

இத்தோடு முடிந்திருந்தால் 2023 வந்திருக்காது. போனஸ் போனாலும் வேறு சலுகைகள் தொடர்ந்தன. குப்பை அள்ளும் பணியில் ‘வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்’ என்ற பழக்கம் இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு கிளம்பினாலும் முழு நாள் சம்பளம். பராமரிப்பு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. ஷிஃப்ட் முடியும் வரை இருந்தாக வேண்டும். கையில் வாங்கும் தொகை ஒன்றாக இருந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

2017-ல் குப்பைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வண்டியின் பின்னால் நிற்பவர்களில் ஒருவருக்கு இருந்த உயர் கிரேடு பதவியை மாநகராட்சி நீக்கப் பார்த்ததுதான் காரணம். வாரக்கணக்கில் குப்பை நாறியது. கடைசியில் சமரசம். வேறு பெயரில் அந்த கிரேடு தொடர்ந்தது. இது புதிய சம ஊதிய வழக்குகளைக் கிளப்பும் என்ற எச்சரிக்கை அப்போதே எழுந்தது. அப்படியே நடந்தது. ஒரு போராட்டத்தை முடிக்கக் கொடுத்த சலுகை, இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான பெண்களின் பாக்கியாக ஏறிக்கொண்டே போனது. 2023-ல் இந்தப் பாக்கி மாதத்துக்கு 50 லட்சம் முதல் 1.4 கோடி பவுண்டு வரை கூடுவதாக மாநகராட்சி சொன்னது.

திவாலுக்கு இது மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. சொதப்பிய ஒரு கணினி மென்பொருள் திட்டத்தின் செலவு பல மடங்கு எகிறியது. மத்திய அரசின் நிதியும் 2010-க்குப் பிறகு வெட்டப்பட்டது. 76 கோடி என்ற கணக்கே அதிகப்படியானது என்ற விமர்சனமும் பின்னர் எழுந்தது. பழியை எல்லாம் பெண்களின் சம்பளத்தின் மீது போடுவது சரியில்லை என்பது தொழிற்சங்கங்களின் வாதம்.

ஆனால் விலை கொடுத்தது யார்? நகரத்து மக்கள். வீடுகளுக்கான கவுன்சில் வரி 2024-ல் 9.99 சதவீதம், அடுத்த ஆண்டு 7.49 சதவீதம் உயர்ந்தது. நூலகம், இளைஞர் நலன் என்று பல சேவைகளில் கை வைக்கப்பட்டது. 2024 டிசம்பரில், சுமார் 6,000 பேரின் கோரிக்கைகளைத் தீர்க்க ஜி.எம்.பி., யூனிசன் சங்கங்களுடன் உடன்பாடு எட்டப்பட்டது.

ஆண்களின் சம்பளத்தைக் குறைத்தா சமம் செய்வது?

பெண்களின் பிரச்னை தீரும் நேரத்தில் அடுத்த பிரச்னை வெடித்தது. அந்த உயர் கிரேடு பதவியை 2025-ல் மாநகராட்சி ஒழித்தது. அதை வைத்திருந்தால் மீண்டும் சம ஊதிய வழக்கு வரும் என்பது அதன் விளக்கம். ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை இழப்பு என்று யுனைட் சங்கம் சொன்னது. அதிகபட்ச இழப்பு 6,000 பவுண்டை ஒட்டித்தான், அதுவும் 17 பேருக்குத்தான் என்று மாநகராட்சி மறுத்தது. ஓட்டுநர்களின் கிரேடும் பேச்சுவார்த்தைக்கு வந்தது. மார்ச் 11 முதல் முழு வேலைநிறுத்தம். தெருக்களில் 17,000 டன் குப்பை தேங்கியதாக மாநகராட்சியே சொன்னது. போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது.

இங்கே யார் வில்லன்? குப்பை அள்ளுபவரும் லட்சாதிபதி இல்லை. அந்தப் பணத்தை நம்பித்தான் வீட்டு வாடகை கட்டுகிறார். விடிவதற்குள் எழுந்து, மழையிலும் பனியிலும் செய்யும் வேலை அது. ஆனால் பல வருடம் குறைவாக வாங்கிய பராமரிப்புப் பணியாளர் கேட்பதும் தன்னுடைய பணத்தைத்தான்.

தொழிற்சங்கங்களுக்கும் இது தர்மசங்கடம். ஒரே சங்கத்தில் இரண்டு தரப்பும் இருக்கும். மிடில்ஸ்பரோ என்ற ஊரில், ஆண்களின் சம்பளத்தைப் பாதுகாக்கும் நோக்கில், பழைய பாக்கியைக் குறைத்து வாங்கிக்கொள்ளப் பெண்களைச் சம்மதிக்க வைத்த ஜி.எம்.பி. சங்கம் மீதே பெண்கள் வழக்கு போட்டார்கள். சங்கம் செய்தது பாலினப் பாகுபாடு என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் புதிய மதிப்பீட்டு முறையே ஆண்களுக்குச் சாதகமாக இருந்தது. வாரம் 37 மணி நேரம் வேலை செய்தால் கூடுதல் மார்க். பகுதி நேர வேலையில் இருந்த பெண்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்? 2018 அக்டோபரில் 8,000-க்கும் அதிகமான பெண்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அந்த ஊர் குப்பைப் பணியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்களின் மறியலைத் தாண்டி வண்டி எடுக்க மறுத்தார்கள். அடுத்த ஆண்டு 50 கோடி பவுண்டுக்கும் அதிகமான தொகைக்குத் தீர்வு கிடைத்தது.

இந்தியாவில் நிலை என்ன?

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 100-வது உடன்படிக்கையை இந்தியா 1958-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் 1976-ன் சம ஊதியச் சட்டம் ‘அதே வேலை அல்லது அதைப் போன்ற வேலை’ என்றுதான் சொன்னது. அதற்குப் பதிலாக வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே அளவுகோல்தான். ‘சம மதிப்புள்ள வேலை’ என்ற சொல் இல்லை. அதாவது ஒரு பெண் சமையலர் ஆண் சமையலருடன் ஒப்பிட்டுக் கேட்கலாம். ஆண் ஓட்டுநருடன் ஒப்பிட்டுக் கேட்பது கடினம்.

அங்கன்வாடிகளில் வேலை செய்யும் லட்சக்கணக்கான பெண்களுக்கு வருவது ‘சம்பளம்’ கூட இல்லை, ‘மதிப்பூதியம்’. குழந்தைக்குச் சாப்பாடு, எடை பார்ப்பது, பாடம், கர்ப்பிணிகள் கணக்கு, பதிவேடு என்று அவர்கள் செய்வதை மேலே சொன்ன 13 அம்சங்களில் வைத்து மார்க் போட்டால் எவ்வளவு வரும்? அந்தக் கணக்கை இங்கே சட்டம் கேட்கவில்லை.

பர்மிங்ஹாம் சொல்லும் பாடம்

அங்கே யாரும் ‘பெண்களுக்குக் குறைவாகக் கொடு’ என்று உத்தரவு போடவில்லை. காகிதத்தில் கிரேடு சமமாகவே இருந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும், சத்தம் போட்டால் ஊர் நாறிவிடும் என்ற வேலைக்கு ஏதாவது ஒன்று கூடுதலாகக் கிடைத்தது. சமையலறையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்தவர்களின் கணக்கு எழுதப்படாமலே இருந்தது. நீதிமன்றம் அதை எழுதச் சொன்னபோது தொகை கோடிகளில் வந்து நின்றது.

1997-ல் ஒப்பந்தம் போட்டபோதே சரி செய்திருந்தால் இதில் ஒரு பகுதிதான் செலவாகியிருக்கும். குப்பைப் பணியாளர்களின் சம்பளத்தில் கை வைக்கவும் தேவை இருந்திருக்காது. இதில் இன்னொரு வலியும் உண்டு. பாக்கி வரும் என்று காத்திருந்தவர்களில் எல்லோருக்கும் அது கைக்கு வந்து சேரும்வரை ஆயுள் இருக்கவில்லை.